வனவாசத்தில் ஒரு மோதிரம்: தலைமை மீதான ஏமாற்றமும் தன்வரலாற்று நடையும்

கவிஞர் கண்ணதாசனின் 'வனவாசம்' தமிழ்த் தன்வரலாற்று நூல்களுள் பலராலும் விரும்பிப் படிக்கப்படுவதாகும். 1949இல் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றிய காலந்தொட்டு அதில் இயங்கி, 1953ஆம் ஆண்டுக் கல்லக்குடிப் போராட்டத்தில் சிறை சென்று, 1957இல் திருக்கோட்டியூர்த் தொகுதியில் போட்டியிட்டுத் தோற்று, 1961இல் ஈ.வெ.கி. சம்பத்துடன் வெளியேறியவர் அவர். தாம் 'அண்ணா' என்றழைத்த தலைவர்மீது அவர் நம்பிக்கை இழந்த வரலாறே நூலின் உயிர்ப்பகுதி. கழகத்தை எதிர்ப்போர் இதனைச் சான்றாவணமாகவும், கழகத்தார் அவதூறாகவும் கொள்வது வழக்கம். இவ்விரண்டும் இலக்கிய வாசிப்பு ஆகா என்பது எம் கருத்து.

நூலின் மையமாக நாம் கருதுவது மோதிரக் காட்சியையே. 1959ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சித் தேர்தலில் கழகம் வென்றபின், பாராட்டுக் கூட்டத்தில் அண்ணா மு. கருணாநிதிக்கு மோதிரம் அணிவிக்கிறார். தானும் அவ்வெற்றிக்கு உழைத்ததாக எண்ணும் கவிஞர் பின்னர் அண்ணாவிடம் குறைப்பட்டுக்கொள்ள, 'நீயும் ஒன்று வாங்கிக் கொடு, அடுத்த கூட்டத்தில் அணிவித்து விடுகிறேன்' என்னும் பொருள்பட மறுமொழி வருவதாக நூல் கூறுகிறது. இதற்கு நூலாசிரியரின் கூற்றன்றி வேறு சான்றை நாம் காணவில்லை. கருணாநிதியோ அதனைத் தம் தலைவரின் பரிசாகவே போற்றி வந்தார். எனவே நிகழ்ச்சியின் உண்மை குறித்துத் தீர்ப்புச் சொல்வது எம் நோக்கமன்று.

இக்காட்சியின் வலிமை வேறிடத்தில் உள்ளது. கவிஞர் இங்குக் கொள்கை பேசவில்லை. தனக்கும் மோதிரம் வேண்டியிருந்தது என்பதை ஒளிக்கவில்லை. பிறர் அழுக்காறு என இகழக்கூடிய ஒன்றையே தன் மனமுறிவின் வாயிலாகக் காட்டுகிறார். நூல் முழுவதும் தன்னை 'அவன்' எனப் படர்க்கையில் சுட்டும் உத்தி இதற்குத் துணை நிற்கிறது. 'நான்' என எழுதியிருப்பின் தற்காப்பாக முடிந்திருக்கும்; 'அவன்' என்றமையால் அச்சிறுமையைத் தொலைவில் நின்று காண முடிகிறது. ஆனால் இதே படர்க்கை, தலைவர்களின் உள்ளக்கிடக்கையை உரைக்கும் இடங்களில் எல்லாம் அறிந்த கதைசொல்லியின் குரலாக மாறிவிடுகிறது. அவ்விடங்களில் நமக்கு ஐயம் எழுகிறது. தன்னைக் குற்றவாளியாக்கும் பக்கங்களை நம்பும் நாம், பிறரைக் குற்றவாளியாக்கும் பக்கங்களைத் தயங்கியே படிக்கிறோம்.

பரிசில் குறித்த மனத்தாங்கல் தமிழுக்குப் புதிதன்று. கொடுத்தல் எளிது, வரிசை அறிதலே அரிது என்று கபிலர் மலையமான் திருமுடிக்காரிக்கு உணர்த்தியதைப் புறநானூறு காட்டும். இளவெளிமான் தந்த சிறுபரிசிலை மறுத்த பெருஞ்சித்திரனார், குமணனிடம் பெற்ற யானையைக் கொணர்ந்து இளவெளிமானின் காவல்மரத்தில் கட்டிச் செல்கிறார். அப்புலவருக்குப் புரவலன் புரவலனே. பெயர்ந்து செல்ல வேறு நாடுண்டு. கண்ணதாசன் சார்ந்த இயக்கத்திலோ தலைவர் அண்ணன், தொண்டர் தம்பி. உறவுச்சொல்லால் கட்டப்பட்ட அமைப்பில் வரிசை தவறினால் அது குடும்பப் பிணக்காகவே வலிக்கிறது, விலகுவோனும் துரோகியாகிறான். 'வனவாசம்' நூலின் கசப்பு இவ்வளவு மிகுந்ததற்கு இதுவே காரணம் எனலாம்.

திராவிட நாட்டுக் கோரிக்கையின் இயலாமை பற்றிய பகுதிகள் இத்தகைய அழுத்தம் பெறவில்லை. கழகமே 1963இல் அக்கோரிக்கையைக் கைவிட்டமை அவருடைய வாதத்திற்கு வலுவூட்டுவது உண்மையே. எனினும் அப்பகுதிகள் மேடைப்பேச்சின் சாயலைத் தாண்டவில்லை.

தலைப்பையும் ஈண்டு நோக்கலாம். இராமன் காடாண்டது 14 ஆண்டுகள், பாண்டவர் 12. 1949 முதல் 1961 வரை எண்ணினால் 12 ஆண்டுகளே. கவிஞர் இதைக் கருதினாரோ இல்லையோ, தந்தை சொல்லுக்காகக் காடேகியவனைவிடச் சூதாடித் தோற்றவர்களின் காடே இந்நூலுக்குப் பொருந்துகிறது.

சம்பத்துடன் அமைத்த தமிழ்த் தேசியக் கட்சி 1964இல் காங்கிரசில் இணைந்தது. அதற்குப் பிந்திய வாழ்வை 'மனவாசம்' தொடர்கிறது. 1978இல், தாம் முன்பு கடுமையாக விமர்சித்த எம்.ஜி.ஆரின் அரசு அளித்த அரசவைக் கவிஞர் பதவியைக் கண்ணதாசன் ஏற்றார். அதனைக் குமணன் தந்த யானையோடு ஒப்பிடலாமா என்பது தனியே ஆராயத்தக்கது.