கட்டில் பின்னுகிறவன் கை: தமிழ் வகுப்பறையும் செவ்வியல் பிரதிகளும்

1

நான் எம்.ஏ. தமிழ் படித்தது செட்டிநாட்டுப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில். புறநானூறு நடத்திய ஐயா 82ஆம் பாட்டுக்கு வந்தார். பாடியவர் சாத்தந்தையார், பாடப்பட்டவன் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. அதில் ‘இழிசினன்’ என்று ஒரு சொல் வருகிறது. ஐயா அதற்குக் ‘கட்டில் பின்னுபவன்’ என்று பொருள் சொன்னார். உவமை எது, பொருள் எது என்று கரும்பலகையில் பிரித்துப் போட்டார். “இது ரெண்டு மார்க்குல வரும், குறிச்சுக்குங்க” என்றார். அடுத்த பாட்டுக்குப் போய்விட்டோம். அந்தச் சொல் வகுப்பில் விழுந்தபோது எங்களில் சிலர் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. ஐயா நல்லவர். அவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

பழைய இலக்கியங்களை வகுப்பறையில் என்ன செய்கிறோம், யாருக்காகச் செய்கிறோம் என்பதுதான் இங்கே கேள்வி.

2

செவ்வியல் கல்வி என்றதும் ஐரோப்பாவின் கிரேக்கமும் லத்தீனும் நினைவுக்கு வரும். அங்கே அவை வெறும் பாடங்களாக இருக்கவில்லை. ஆளுகிறவர்களைப் பொறுக்கி எடுக்கிற சல்லடையாக இருந்தன. 1855இல் இந்திய சிவில் சர்வீசுக்குப் போட்டித் தேர்வு வந்தபோது கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் தலா 750 மதிப்பெண். சமஸ்கிருதத்துக்கும் அரபுக்கும் தலா 375. தமிழுக்குப் பட்டியலிலேயே இடமில்லை. ஹோமரையும் வர்ஜிலையும் நெட்டுருப் போட்டவன் மதுரைக்கோ ராமநாதபுரத்துக்கோ கலெக்டராக வந்து இறங்கலாம். ஆக்ஸ்போர்டில் சேருவதற்குக் கிரேக்கம் கட்டாயம் என்பது 1920இல்தான் போயிற்று. லத்தீன் 1960 வரை நீடித்தது.

நம்மிடம் கதை நேர் தலைகீழ். இங்கே ஆளப்போகிறவன் தமிழ் படிப்பதில்லை. பொறியியல், மருத்துவம், கணினி, வணிகவியல் எல்லாம் தட்டிப்போன பிறகு வந்து உட்காருகிற இடம் தமிழ் வகுப்பு. “தமிழா எடுத்திருக்கே?” என்று சொந்தக்காரர்கள் இழுக்கிற இழுப்பில் எல்லாம் இருக்கிறது. இதில் ஒரு வினோதம் உண்டு. அங்கே செவ்வியல் பிரதி மேட்டுக்குடியின் கையில் இருந்தது. இங்கே அது கூலிக்காரர் பிள்ளைகளின், முதல் தலைமுறைப் பெண்களின், சேரியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை, மதிப்பில்லாததால் நடந்தது. ஆனால் நடந்திருக்கிறது. இதன் அர்த்தத்தை நமது தமிழ்த்துறைகள் இன்னும் யோசிக்கவில்லை.

3

செட்டிநாட்டுக்கு இதில் தனி வரலாறு உண்டு. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை நடத்திய சமூகத்தில் பையன்களுக்குக் கணக்கு எழுதத் தெரிந்தால் போதும், கப்பல் ஏற்றிவிடுவார்கள். மேலைச்சிவபுரியில் பிறந்த வ.சுப. மாணிக்கமும் சிறுவயதில் ரங்கூன் கடைக்குப் போனவர்தான். முதலாளிக்காகப் பொய் சொல்ல மறுத்து ஊர் திரும்பினார் என்பது இப்பகுதியில் எல்லோரும் சொல்லும் கதை. பின்னாளில் அகப்பாடல்களை ஆராய்ந்து ‘தமிழ்க் காதல்’ எழுதினார். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் முதல்வராகவும், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராகவும் இருந்தார். அவருக்கு வழிகாட்டிய பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் (1881–1953) மகிபாலன்பட்டிக்காரர். சில மாதப் பள்ளிப் படிப்புதான். கால் முடியாதவர். தானாகவே தமிழும் பிறகு வடமொழியும் கற்று, ‘மிருச்சகடிக’த்தை ‘மண்ணியல் சிறுதேர்’ ஆக்கினார். 1909இல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை தோன்றுவதற்குக் காரணமாக இருந்தார். இரண்டு பேருமே வகுப்பறைக்கு வெளியே தொடங்கியவர்கள். பிரதியை நேரடியாக எதிர்கொண்டவர்கள்.

இந்த மண்ணின் பணம் 1929இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் ஆயிற்று. 1947இல் காரைக்குடியில் கல்லூரி ஆயிற்று. இதையெல்லாம் மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் புரவலர் மரபு தன்னோடு ஒரு மேடையையும் கொண்டுவந்தது. 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கினார். பட்டிமன்றம் மக்களிடம் போனதில் அந்த மேடைக்குப் பெரிய பங்குண்டு. ஆயிரக்கணக்கான பேர் இரவெல்லாம் உட்கார்ந்து கம்பனைக் கேட்டது சாதாரண விஷயமில்லை. சிக்கல் வேறு இடத்தில். மேடையின் தர்க்கம் வகுப்பறைக்குள் நுழைந்துவிட்டது. ‘சிறந்தவர் யார்?’ என்று கேட்டுத் தீர்ப்புச் சொல்கிற பழக்கத்தில் பிரதி என்பது முன்கூட்டியே தெரிந்த பெருமைக்குச் சாட்சியாக மட்டும் நிற்கிறது. கைதட்டல் எழுகிற வரி நினைவில் தங்குகிறது, மிச்சம் காணாமல் போகிறது.

கணியன் பூங்குன்றனாருக்கு நேர்ந்ததும் இதுதான். பூங்குன்றம் எங்கள் மகிபாலன்பட்டிதான் என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள். அவருடைய 13 அடிப் பாட்டில் முதல் அடி மட்டும் வளைவுகளிலும் அழைப்பிதழ்களிலும் இருக்கிறது. அந்தப் பாட்டு முடிகிற இடம் வேறு: பெரியவர்களைக் கண்டு வியப்பதில்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் கிடையாது என்று முடிகிறது. பெரியவர்களை வியப்பதற்கென்றே போட்ட மேடையில் இந்தக் கடைசி அடிகளை எப்படிச் சொல்ல முடியும்?

4

2004இல் தமிழ் செம்மொழி என்று அறிவிக்கப்பட்டது. நிறுவனம் வந்தது, விருதுகள் வந்தன, பதிப்புகள் வந்தன. வகுப்பறையில் என்ன மாறியது? பள்ளியில் இன்றும் மனப்பாடப் பகுதி, சொற்பொருள், இலக்கணக் குறிப்பு. ‘சுடுசோறு’ வினைத்தொகை என்று பத்தாவது மாணவன் தூக்கத்தில்கூடச் சொல்வான். கல்லூரியில் முதல், கரு, உரி என்று அட்டவணை. குறிஞ்சிக்கு என்ன பூ, என்ன பறை, என்ன தெய்வம் என்று கட்டம் போட்டு நிரப்புகிறோம். ஒரு முழுக் குறுந்தொகைப் பாட்டைத் தனியாக, உரையின் துணையில்லாமல் படித்துப் பார்த்ததே இல்லாமல் எம்.ஏ. முடித்தவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். பிறகு அரசுப் பணித் தேர்வு வருகிறது, ‘பாடியவர் யார்?’ என்று நான்கு விடை கொடுத்துக் கேட்கிறது. இது கற்பித்தல் அல்ல, சரக்குக் கணக்கு.

செவ்வியல் என்பதையே தூக்கி எறியலாம், அது ஆதிக்கத்தின் குரல்தானே என்று நம் தோழர்களில் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கோபம். 1943இல் கம்பராமாயணத்தை எரிக்கலாமா என்று அண்ணா ரா.பி. சேதுப்பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியோடும் வாதிட்டபோது அந்தக் கோபம் மேடைக்கு வந்தது. ஆனால் பெரியார் ராமாயணத்தைப் படித்துத்தான் எதிர்த்தார். எரிக்க வேண்டுமென்றாலும் பிரதி நம் கையில் இருக்க வேண்டும். படிக்காமல் விட்டுவிட்டால் அது மறுபடியும் உரைகாரர் வீட்டுக்கே போய்விடும்.

5

82ஆம் பாட்டுக்குத் திரும்புவோம். ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது. வீட்டில் பெண்டாட்டிக்குப் பேறுகால நேரம். மழை பெய்கிறது. பொழுது சாய்கிறது. இவ்வளவுக்கும் நடுவில் ஒருவன் தோல்வாரால் கட்டில் பின்னுகிறான். அவன் கையிலிருக்கிற ஊசியின் வேகம்தான் மல்லனோடு மோதிய சோழனின் வேகம். ஆறே அடிப் பாட்டு. அதில் ஏறத்தாழ நான்கு அடி இந்த உழைப்பாளிக்கு. அரசனுக்குக் கிடைத்தது மிச்சம் இரண்டு அடி. வாழ்க்கை முழுக்க இவன் பக்கம் இருக்கிறது. அரசனிடம் மாலையும் சண்டையும்தான். இருந்தும் பாட்டு இவனை ‘இழிசினன்’ என்றே கூப்பிடுகிறது. கையை வியக்கிற அதே வாய் பெயரை இழிக்கிறது. இந்த முரணை நடத்தாமல் உவமையணியை நடத்தி என்ன பயன்? இழிசினன் என்று கூப்பிட்டது யார், அந்தப் பெயரை அவன் ஏற்றானா என்று கேட்காத வகுப்பு, அந்த இழிவை இன்னொரு தலைமுறைக்குக் கைமாற்றிக் கொடுக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்து நூலக அறையில் கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பேரோடு இந்தப் பாட்டைப் படித்தோம். உரை கிடையாது. கடினமான சொற்களுக்கு மட்டும் பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். வெகுநேரம் பேச்சில்லை. அப்புறம் ஒரு பெண் கேட்டாள்: “சார், அந்தக் கட்டில் யாருக்கு? அவன் பொண்டாட்டிக்கா, இல்ல ஊர்ப் பெரியவுங்க வீட்டுக்கா?”

பாட்டு அதைச் சொல்வதில்லை. பதினைந்து வருஷம் தமிழ் படித்தும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதில்லை. அன்றைக்கு மீதி நேரம் முழுக்க அதைப் பற்றித்தான் பேசினோம். பெரியவர் வீட்டுக் கட்டில் என்றால், திருவிழா அன்றைக்கும் இவனை விடாத வேலை அது. பெண்டாட்டிக்கு என்றால், அந்த அவசரத்துக்குப் பெயர் வேறு. சிலர் சண்டையே போட்டார்கள்.

இதே சிவகங்கை மாவட்டத்தில் கீழடிப் பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று பெயர்கள் கீறியிருப்பதைப் பார்க்கப் பள்ளிக்கூடங்களிலிருந்து பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம். சட்டிபானையில் பேர் எழுதிவைத்தவர்களின் எழுத்து அது என்று பெருமைப்படுகிறோம். நல்லது. அப்படியானால் அதே எழுத்தில் வந்த பாட்டையும் அந்தப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட வேண்டியதுதானே? வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஒரு பாட்டு. நோட்ஸ் வேண்டாம், மார்க் வேண்டாம். கேள்வியை அவர்கள் கேட்கட்டும். தமிழாசிரியத் தோழர்கள் இதை நாளைக்கே செய்து பார்க்கலாம், இதற்கு எந்தப் பாடத்திட்டக் குழுவின் அனுமதியும் தேவையில்லை.