நிவாரணம் யாருக்கு, எதற்கு?

'மழைக்கால நிவாரணம்'. அரசு வைத்த இந்தப் பெயரோடுதான் எனக்கு முதல் சண்டை. புயலுக்குக் கொடுப்பது நிவாரணம். வடகிழக்குப் பருவமழையோ ஆண்டுதோறும் வருவது. மரக்காணம் உப்பளங்களில் அப்போது பாத்தியெல்லாம் மழைநீர், வேலையில்லை, கூலியில்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையான இந்த மாதங்களுக்கென்று 2022 முதல் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தருகிறது. முன்பு அதுவும் கிடையாது, வரவேற்கிறேன். ஆனால் 92 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 54 ரூபாய்ச் சொச்சம். ஜனவரி பிறந்ததும் பாத்தி காய்ந்து உப்பு விளைந்துவிடுவதும் இல்லை.

அதைவிட உறுத்துவது 'குடும்பம்' என்ற கணக்கு. மாமியாரும் மருமகளும் உப்பளத்துக்குப் போனால் ஆளுக்கொரு கூடை, ஆளுக்கொரு கூலி. உப்புநீர் அரித்த கால்களும் அவரவருக்குத்தான். பணம் வரும்போது மட்டும் இருவரும் ஒரே வீடாகிவிடுகிறார்கள்.

2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்கு, சம்பளமில்லாத வீட்டு வேலையை மதித்து, 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயர் வைத்ததும் இதே அரசுதான். அந்தச் சொல் ஏன் உப்பளம்வரை வரவில்லை? நிதிநிலை அறிக்கையில் இதை ஊதிய இழப்பு என்று, ஆளுக்கு ஆள், அவரவர் பெயரில் எழுதட்டும். தொகையைக் கூலியோடு ஒப்பிட்டுக் கேட்க அப்போதாவது வழி பிறக்கும்.