சாவி யார் பையில்?

பால்மரம் வெட்டிய பாட்டிக்கு அளவுகோல் தேவைப்படவில்லை. உளி பட்டைக்குள் இறங்கும். மரத்தைக் காயப்படுத்தும் முன் கை தானாக நின்றுவிடும். ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் பட்டை முண்டு கட்டிவிடும். அந்தக் கைக்குச் சம்பளம் நிறுவையில் ஏறிய பாலைப் பார்த்துத்தான் கிடைத்தது. கை நின்ற இடத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இன்று ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத் தோட்டங்களிலிருந்து வந்த பேரன்கள் மலாக்காவின் தொழிற்பேட்டைகளில், கணினிவழி உலோகம் வெட்டும் சி.என்.சி. இயந்திரத்தின் முன் நிற்கிறார்கள். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு இவர்களுடைய கணக்கு. அந்த நுட்பத்துக்காவது விலை கிடைக்கிறதா?

பொருளைச் சக்கில் பிடித்து, கதவை மூடி, பொத்தானை அழுத்துவது வெளியே தெரிகிற பாதி வேலை. மறுபாதி அளவில் இருக்கிறது. வெட்டும் முனை தேயத் தேய, கடைசலில் வரும் தண்டின் விட்டம் மெல்லக் கூடும். மைக்ரோமீட்டர் 0.02 மில்லிமீட்டர் கூடுதல் என்று காட்டினால், திரையில் திருத்தம் போடும் ஆஃப்செட் பக்கத்தில் அதைக் கழித்துப் போட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் புள்ளி ஓர் இடம் தள்ளி 0.2 என்று விழுந்தால் அடுத்த தண்டு குப்பைக்கு. இன்னும் ஓர் இடம் தள்ளினால் முனையே உடையலாம். விடியற்காலை நான்கு மணிக்கு அந்தப் புள்ளியைக் காப்பதும் ஆபரேட்டரின் கடமைதான்.

இந்தப் பிழைப்பின் நல்ல பக்கத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. மழை பெய்தால் வெட்டில்லை, வெட்டில்லையென்றால் காசில்லை என்ற தோட்டத்துக் கதை இங்கே கிடையாது. மாதச் சம்பளம், சேமநிதி, சொக்சோ மூன்றும் உண்டு. 2013இல் 900 வெள்ளியாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளிக்கு வந்திருக்கிறது. ஏறப் படிகளும் இருக்கின்றன. மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலை. அதற்கு மேல் டிப்ளோமா இரண்டு நிலை. 2005இல் தொடங்கிய இரட்டைப் பயிற்சித் திட்டத்தில் 70 முதல் 80 விழுக்காட்டுப் பயிற்சி தொழிற்சாலையிலேயே நடக்கிறது. வகுப்புக்கே போகாமல் பல ஆண்டு இயந்திரம் ஓட்டியவரும், தம் வேலைச் சான்றுகளைத் தொகுத்துக் காட்டிச் சான்றிதழ் பெற வழியுண்டு.

முதல் கோளாறு சம்பளச் சீட்டில். அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளியை 26 நாள், நாளுக்கு 8 மணி என்று வகுத்தால் மணிக்கு 8.17 வெள்ளி. மேலதிக நேர வேலையான ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு, 12.26 வெள்ளி. சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பான 104 மணி நேரமும் செய்தால் 1,275 வெள்ளி சேர்ந்து, பிடித்தங்களுக்கு முன் மொத்த வருமானம் 2,975 வெள்ளி ஆகும். வீட்டில் இதைத்தான் 'மூவாயிரம் சம்பளம்' என்பார்கள். ஆனால் ஓ.டி. பணத்துக்குச் சேமநிதி பிடிப்பதில்லை. முதலாளி செலுத்தும் 13 விழுக்காடு 1,700க்கு மட்டுமே, அதாவது 221 வெள்ளி. முழுத்தொகையும் அடிப்படைச் சம்பளமாக இருந்திருந்தால் அது ஏறக்குறைய 387 வெள்ளி. ஆர்டர் குறைந்த மாதம் ஓ.டி. நின்றுவிடும், கார்த் தவணை நிற்காது. பாட்டிக்கு மழை, பேரனுக்கு ஆர்டர்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. பல இயந்திரங்களின் முகப்பில் ஒரு சாவித்துளை உண்டு. பூட்டிவிட்டால் புரோகிராமில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. சாவி, இயந்திரத்தை வேலைக்கு அமைத்துத் தரும் செட்டரிடமோ புரோகிராமரிடமோ இருக்கும். தெரியாத கை ஒரு வரியை மாற்றினால் இலட்சக்கணக்கான வெள்ளி பெறுமானமுள்ள இயந்திரம் மோதிவிடும் என்று நிர்வாகம் சொல்வது நியாயம்தான். ஆனால் பூட்டுக்கு வேறொரு வரலாறும் உண்டு. சி.என்.சி.க்கு முன்னோடியான எண்வழி இயங்கும் கருவியை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1952இல் செய்து காட்டியது. அது வளர்ந்த விதத்திலேயே, தொழிலாளியின் கையிலிருந்து கட்டுப்பாட்டை எடுக்கும் நோக்கம் கலந்திருந்தது என்று 1984இல் வாதிட்டார் வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள். நோக்கம் எதுவானாலும், பூட்டிய இயந்திரத்தில் ஒரே பாகத்தை ஐந்தாண்டு ஏற்றி இறக்கியவருக்கு ஐந்தாண்டு அனுபவம் என்று சொல்வது கடினம். ஓராண்டு அனுபவம் ஐந்து முறை, அவ்வளவுதான்.

சான்றிதழும் இந்தப் பூட்டைத் தானாகத் திறப்பதில்லை. இரண்டாம் நிலைக்கு இவ்வளவு, மூன்றாம் நிலைக்கு இவ்வளவு என்று சம்பளம் தர எந்த முதலாளிக்கும் கட்டாயமில்லை. 2024இல் முன்னோடியாகத் தொடங்கிய முற்போக்குச் சம்பளக் கொள்கை பயிற்சியையும் ஊதிய உயர்வையும் இணைக்கப் பார்க்கிறது. ஆனால் விரும்பிய நிறுவனம் மட்டுமே அதில் சேரும்.

ஆக, நுழைவதற்கு நல்ல வேலை. அதே இடத்தில் நின்றுவிடுவதற்கு மோசமான வேலை. நேர்காணலுக்குப் போகும் நம் பிள்ளைகள் முதலில் கேட்பது 'ஓ.டி. உண்டா?' என்பதைத்தான். அதோடு இன்னொன்றும் கேட்கட்டும்: 'எத்தனை மாதத்தில் செட்டிங் கற்றுக் கொடுப்பீர்கள்?' பதில் மழுப்பலாக வந்தால், சாவி எப்போதும் வேறொருவர் பையில்தான் இருக்கும் என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடலாம்.