மார்க்குக்குப் பரிசாக ஒரு போன்

"டென்த்ல நல்ல மார்க் எடு, போன் வாங்கித் தர்றேன்." தமிழ்நாட்டில் பல வீடுகளில் பிள்ளையின் முதல் ஸ்மார்ட்போன் எப்போது என்பதை இந்த வாக்குறுதிதான் முடிவு செய்கிறது. நானும் கொடுத்தவன்தான்.

இதில் நல்லது இருக்கிறது. ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடும் நச்சரிப்புக்கு ஒரு கெடு கிடைக்கிறது. பணம் சேர்க்க அவகாசமும் கிடைக்கிறது. அயர்லாந்தின் கிரேஸ்டோன்ஸ் ஊரில் 2023-இல் எட்டுத் தொடக்கப் பள்ளிகளின் பெற்றோர் சங்கங்கள் கூடி, தொடக்கப் பள்ளி முடியும்வரை பிள்ளைகளுக்கு ஸ்மார்ட்போன் கிடையாது என்று முடிவெடுத்தன. அங்கே அது ஏறத்தாழ 12 வயது. நம் வழக்கம் அதையும் தாண்டி 15 வரை இழுத்துப் பிடிக்கிறது. ஆனால் அவர்கள் ஊராகச் சேர்ந்து முடிவெடுத்தார்கள். "எல்லார்கிட்டயும் இருக்கு" என்று அங்கே ஒரு பிள்ளை சொல்வது கடினம். நாம் தனித்தனி வீடாக நின்று அந்த வார்த்தையிடம் தோற்கிறோம்.

அந்த 15-ஐயும் முழுதாக நம்ப முடியாது. 2020-இல் பள்ளிகள் மூடியபோது வகுப்பு போனுக்குள் வந்தது. வகுப்பு வாட்ஸ்அப் குரூப் இன்னும் போகவில்லை. வீட்டுப்பாடத்தைப் பார்க்க அம்மாவின் போனை எடுக்கும் நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு, அதன் பேட்டர்ன் லாக் மனப்பாடம்.

இருந்தாலும் எனக்குப் பெரிய குறையாகப் படுவது 'பரிசு' என்பதுதான். ரிசல்ட் வந்த வாரமே மூத்தவனுக்கு வாங்கிக் கொடுத்தோம். ஒரு நாள் இரவு பதினொன்றரைக்குப் போர்வைக்குள் வெளிச்சம். "குடு, காலையில தர்றேன்" என்றேன். "நான் மார்க் எடுத்து வாங்குன போன்ப்பா இது" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. விளையாட்டு விழாவில் கொடுத்த கோப்பையை ராத்திரியானால் யாரும் திருப்பிக் கேட்பதில்லையே. பரிசாகக் கொடுத்துவிட்ட பிறகு அதற்கு விதி போட முடியவில்லை. அதுவும் கோடை விடுமுறையின் வெற்றுப் பகல்களில் கொடுத்து, பிளஸ் ஒன் பாடச்சுமை தொடங்கும்போது பிடுங்கப் பார்க்கிறோம்.

தேவை யாருக்கு என்ற கேள்வியும் இதில் அடிபட்டுப் போகிறது. இரண்டு பஸ் மாறி, டியூஷன் முடிந்து இருட்டில் வீடு திரும்பும் பெண் 500-க்கு 310 எடுத்தால் அவளுக்குப் போன் இல்லை. வாசலில் வேன் ஏறும் பையன் 460 எடுத்தால் உண்டு. வழியில் ஒரு அவசரம் என்றால் யாருக்கு அது வேண்டியிருக்கும்?

மகளுக்கு வேறு மாதிரி செய்தோம். ஒன்பதாம் வகுப்பில், டியூஷன் போய்வர ஒரு பட்டன் போன். ஸ்மார்ட்போனை ரிசல்ட்டுக்கு முன்பே வாங்கினோம், மார்க்கோடு முடிச்சு விழக்கூடாது என்பதற்காகவே. பெட்டியைப் பிரிக்கும்போதே சொன்னேன்: பத்து மணிக்கு மேல் ஹால் அலமாரியில் இருக்க வேண்டும். "உங்க போனும்தானேப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். இப்போது அவளுடையது, என்னுடையது, அவள் அம்மாவுடையது மூன்றும் அங்கேதான் சார்ஜ் ஏறுகின்றன. மூத்தவனுடையது இன்னும் அவன் அறைக்குள்தான் இருக்கிறது.