சொற்புதிரும் நகைப்பாட்டும்

நண்பர் சிலர் நாள்தோறும் ஒரு சொற்புதிரை அவிழ்த்து, அச்சொல்லை வைத்தே சிறு பாட்டுக் கட்டி ஒருவர்க்கொருவர் காட்டி மகிழ்தல் இக்காலப் பொழுதுபோக்குகளுள் ஒன்று. 2021இல் ஜோஷ் வார்டில் வெளியிட்ட 'வேர்டில்' என்னும் ஐந்தெழுத்துப் புதிர் இதற்கு ஊக்கமளித்தது. தமிழர்க்கு இது புதிதன்று. நகம் மலை, முன்னே ஓரெழுத்துக் கூடினாற் கனகம், பொன், இன்னும் ஒன்று கூடினாற் கோகனகம், தாமரை. எழுத்து வருத்தனம் எனப்படும் இதனைத் தண்டியலங்காரம் சொல்லணியியலிலே சித்திரகவியுள் அடக்கிற்று.

ஆயின் இவையெல்லாம் கவிதையாமோ? பெரும்பாலன ஆகா. விடை தெரிந்த கணமே பாட்டு மடிந்துவிடுகின்றது. எஞ்சுவது பாடியவர் பட்ட பாடே. 15ஆம் நூற்றாண்டினராகிய காளமேகத்தின் பாம்பு–எள் சிலேடை வெண்பாவோ விடையைத் தானே கூறிவிடுகின்றது. கூறியும் நகை குன்றவில்லை. எள்ளை ஆட்ட வருவது பிண்ணாக்கு. பாம்புக்கு உள்ளதும் 'பிள் நாக்கு', அஃதாவது பிளந்த நாக்கு. செக்கின் இரைச்சலையும் பாம்பாட்டியின் குடத்தையும் நேரிற் கண்டவனுக்கே இப்பொருத்தம் தோன்றும். அகராதியைப் புரட்டிச் சிலேடை தேடுவோர்க்கு இது வாய்ப்பதரிது.

நண்பரிடை வழங்கும் விளையாட்டுப் பாட்டுக்கு இத்துணைக் கடுமை வேண்டுமோ எனச் சிலர் வினவலாம். காளமேகமும் எதிரிலிருந்தோர் கேட்ட மாத்திரத்திற் பாடினார் என்றே தனிப்பாடற் கதைகள் கூறுகின்றன.