ஆண்டாள் பாட்டு: கோஷ்டியும் கச்சேரியும்

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் மார்கழி விடியலில் திருப்பாவையை ஆண்கள்தான் கோஷ்டியாகச் சேவிக்கிறார்கள். எழுதிய ஆண்டாள் பெண், பாட்டுக்குள் ஒருத்தியை ஒருத்தி எழுப்புகிறவர்களும் பெண்கள். ஓதும் தொண்டை மட்டும் ஆணுடையது. அரையர் சேவையிலும் இதே நிலைதான். குல்லாய் அணிந்து, தாளம் தட்டி, பாசுரத்துக்கு அபிநயம் பிடித்து உரையும் சொல்லும் அந்த அருங்கலை பரம்பரை உரிமையுள்ள ஆண்களோடு நின்றுவிட்டது.

இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது கச்சேரி மேடை. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் திருப்பாவையின் 30 பாசுரங்களுக்கும் ராகம் அமைத்தார். எம்.எல். வசந்தகுமாரியின் குரலில் அவை வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தன. ஆண்டாளுக்குப் பெண்குரல் திரும்பக் கிடைத்தது என்றே சொல்வேன்.

ஆனால் மெட்டு முழுக்கப் பாட்டிலிருந்து பிறந்ததல்ல. முதல் ஐந்து பாசுரங்களுக்கு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. தியாகராஜரின் பஞ்சரத்தினங்கள் வரும் அதே வரிசை! வித்துவானுக்கு அது கம்பீரம். மழையை அழைக்கும் நான்காம் பாசுரத்துக்கு வராளி வந்தது வரிசையால்தான். பாட்டிலுள்ள இடிக்கும் மின்னலுக்கும் அந்தத் தேர்வில் வேலையில்லை. தோழிகள் கூடிப் பாட வேண்டியது ஒற்றைக் குரலின் தேர்ச்சியாகவும் சுருங்கியது. அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களின் நற்செய்திப் பாட்டில் தனிப்பாடகி எவ்வளவு உயரப் போனாலும் பின்னால் கூட்டம் பதில் குரல் கொடுக்கும். அந்தப் பதில் குரல் இங்கே இல்லை.

அதைவிடப் பெரிய குறை, மேடை எதை விட்டுவிட்டது என்பதில் இருக்கிறது. ஆண்டாளின் இன்னொரு படைப்பான நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் வாரணமாயிரமும் இன்னும் சிலவும்தான் காதில் விழுகின்றன. 2018 ஜனவரியில் ராஜபாளையத்தில் கவிஞர் வைரமுத்து ஆற்றிய உரை ஆண்டாளின் பிறப்பைப் பற்றிய பெரும் சண்டையாக வெடித்தது. அத்தனை சத்தத்திலும் அவள் பாட்டைப் பற்றிய பேச்சு குறைவே.

மேடை தயங்குவது அவள் காதலிடம்தான். 1954-இல் அமெரிக்கப் பாடகர் ரே சார்ல்ஸ் தேவாலய மெட்டில் காதலைப் பாடியபோது பக்தர்கள் முகம் சுளித்தார்கள். சோல் இசை அந்த மீறலில்தான் வளர்ந்தது. ஆண்டாளிடம் மீறவேண்டிய வேலிகூட இல்லை. மன்மதனை வேண்டுவதும் குயிலைத் தூதுவிடுவதும் உடம்பின் தாபத்தைச் சொல்வதும் அவள் பக்தியேதான். க்ஷேத்ரய்யாவின் சிருங்காரப் பதங்களை நிதானமாக இழைத்துப் பாடும் மேடைக்கு, இவள் தாபத்திடம் மட்டும் என்ன கூச்சம்?