அலாரம் முள் எங்கே நிற்கிறது?

மேசையில் நான்கு கைக்கடிகாரங்கள். நான்கிலும் காலை 5.30-க்கு அலாரம் வைத்திருக்கிறேன். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் வழியே விழும் தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்கிறேன். இது எத்தனை மணிக்கு அடிக்கும்? இரண்டில் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒன்றைக் கண்ணுக்கருகே கொண்டுபோக வேண்டியிருந்தது. நான்காவதில் தெரிந்தது, ஆனால் தப்பாகத் தெரிந்தது.

மூன்று வாரமாக இவற்றை மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தேன். இரண்டு என்னுடையவை: 1950-களின் வல்கெய்ன் கிரிக்கெட், சோவியத் தயாரிப்பான போல்யோத் சிக்னல். ஜேகர்-லெகூல்ட்ர் மெமோவாக்ஸ் இ855, சீகோ பெல்-மேட்டிக் இரண்டும் நண்பரிடம் இரவல் வாங்கியவை. பழைய அலாரம் கடிகாரங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் ஒலியைத்தான் கேட்பார்கள்: எவ்வளவு சத்தம், எத்தனை நொடி. எனக்கு டயல்தான் முக்கியம். சாதாரணக் கடிகாரத்தின் முகத்தில் நகர்கிறவை மட்டுமே உண்டு. இதில் நகராமல் நின்று காத்திருக்கும் ஒன்றையும் சேர்த்துக் காட்ட வேண்டும். அதை எங்கே வைப்பது என்பதற்கு ஒவ்வொரு தொழிற்சாலையும் வேறு வேறு விடை கண்டது.

முதலில் உள்ளே நடப்பதைப் பார்த்துவிடலாம். அலாரத்துக்கென ஒரு சக்கரம் மணி முள்ளின் சக்கரத்தோடு ஒரே அச்சில் இருக்கும். நாம் வைக்கும் நேரத்தில் அது அசையாமல் நிற்கும். மணிச் சக்கரம் சுற்றி வந்து அதோடு பொருந்தும் நொடியில் பிடி விடுபட்டு, சுத்தியல் அடிக்கத் தொடங்கும். மணி முள் 12 மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றுவதால் அலாரத்துக்கும் அதே கணக்குதான். ஒரு மணி நேரத்துக்கு 30 பாகை, பத்து நிமிடத்துக்கு வெறும் 5 பாகை. அலாரம் காட்டியின் நுனி மையத்திலிருந்து 7 மி.மீ. தள்ளியிருந்தால் அந்தப் பத்து நிமிடம் 0.6 மி.மீ. அகலத்தில் அடங்கிவிடும். 14 மி.மீ. தள்ளியிருந்தால் 1.2 மி.மீ. கிடைக்கும். டயல் வரைந்தவர்களின் போராட்டமெல்லாம் இந்த அரை மி.மீ.க்காகத்தான்.

கையில் கட்டும் அலாரத்துக்கு எட்டெர்னா நிறுவனம் 1908-லேயே காப்புரிமை வாங்கிவிட்டது. ஆனாலும் ஆளை எழுப்பும் அளவுக்குச் சத்தத்தோடு வந்தது 1947-இல் வல்கெய்ன் கொண்டுவந்த கிரிக்கெட்தான். கிரிக்கெட் என்றால் இங்கே சுவர்க்கோழி. விரல்நுனி அளவுப் பூச்சி தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி கத்துகிறதே, கடிகாரத்தால் ஏன் முடியாது என்ற எண்ணத்தில் பிறந்த பெயர். நேரத்துக்கு ஒரு ஸ்பிரிங், அலாரத்துக்கு ஒரு ஸ்பிரிங். சாவியை ஒரு பக்கம் திருகினால் ஒன்று ஏறும், மறுபக்கம் திருகினால் மற்றது. துளையிட்ட இரட்டைப் பின்மூடி சத்தத்தைப் பெருக்கும். ட்ரூமன் முதல் நிக்சன் வரை அமெரிக்க அதிபர்கள் பலரின் கைகளில் ஏறிய கடிகாரம் இது.

டயலில் வல்கெய்ன் எடுத்த வழி எளிது: நான்காவதாக ஒரு முள். மணி, நிமிடம், நொடி மூன்றோடு அலாரம் முள்ளும் நடு அச்சிலிருந்தே கிளம்புகிறது. கேட்டால் குழப்பம் என்றுதான் தோன்றும். என் கிரிக்கெட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் அதில் எவ்வளவு யோசனை இருக்கிறது என்று புரிந்தது. அலாரம் முள் மெலிந்தது, குட்டையானது, நுனியில் அம்பு. டயலின் உட்புறம் அதற்கென்றே ஒரு சிறு வட்டக்கோடு. மணிக்கு மணி இடையே பத்து நிமிடக் கீறல்கள். முள்ளின் நுனி அந்தக் கீறலைத் தொட்டு நிற்கிறது, தாண்டவில்லை. எந்த முள் எந்த அளவுகோலுக்கு உரியது என்பதை அதன் நீளமே சொல்லிவிடுகிறது. பகல் வெளிச்சத்தில் 5.30-ஐயும் 5.40-ஐயும் பிரித்துப் பார்க்க முடிந்தது. இருட்டில்தான் கண்ணுக்கருகே கொண்டுபோக வேண்டியிருந்தது. மெல்லிய முள் மங்கலில் கரைந்துபோகிறது.

மெமோவாக்ஸ் என்பது லத்தீன் வேரிலிருந்து வந்த பெயர், நினைவின் குரல். 1950-களின் தொடக்கத்தில் வந்தது. 1953-இல் சுவிட்சர்லாந்தின் வோ மாநிலம் சார்லி சாப்ளினுக்குப் பரிசாகக் கொடுத்தது மெமோவாக்ஸைத்தான். 1956-இல் இதன் 815 எந்திரம்தான் தானாகச் சாவி ஏறும் முதல் அலாரம் கைக்கடிகாரத்தை உலகுக்குத் தந்தது. நான் கட்டியது அதற்கு அடுத்த 825 எந்திரம், தேதியோடு.

இதில் அலாரத்துக்கு முள்ளே கிடையாது. டயலின் நடுவே வட்டமாக வெட்டியெடுத்து, அந்த இடத்தில் சுழலும் தட்டு ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். தட்டின் ஓரத்தில் ஒரு முக்கோணம். இரண்டு சாவிகளில் மேல் சாவியை இழுத்துத் திருகினால் தட்டு முழுவதும் சுழல்கிறது. முதல் முறை அதைச் செய்தபோது, கடிகாரத்தின் முகமே என் விரலுக்கு இசைந்து திரும்புகிற மாதிரி இருந்தது. திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன்.

இந்த டயலில் என்னை அதிகம் கட்டிப்போட்டது அதன் மெருகு. டயல் பரப்பில் மையத்திலிருந்து ஓரம் நோக்கிக் கதிர்க்கதிராகக் கோடுகள் ஓடுகின்றன. ஏன் கதிர்க்கோடுகள்? மேலிருந்து கீழாக நேர்க்கோடு போட்டிருந்தால் தட்டு சுழன்றதும் அதன் கோடுகள் சாய்ந்துவிடும். வெளிவட்டத்தில் ஒரு திசை, தட்டில் வேறு திசை என்று வெளிச்சம் உடைந்து தெரியும். கதிர்க்கோடுகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. எந்தக் கோணத்தில் நிறுத்தினாலும் தட்டும் டயலும் ஒரே பரப்பாகச் சேர்ந்து மின்னுகின்றன. இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி மட்டும். வெளிவட்டத்தில் மீதியுள்ள ஒடுங்கிய இடத்துக்குள் மணிக்குறிகள், தேதிச் சாளரம், நிறுவனப் பெயர் எல்லாம் அடங்க வேண்டும். பெயரைத் தட்டின்மேல் அச்சிட்டால் அதுவும் சுழன்று தலைகீழாகிவிடுமே!

முக்கோணம் தட்டோடு ஒட்டியிருப்பதால் அதை எந்த முள்ளோடும் குழப்பிக்கொள்ள வழியில்லை. இருட்டிலும் சட்டென்று தெரிந்த இரண்டில் இது ஒன்று. குறை என்றால் பத்து நிமிடத் துல்லியம் கிடைக்காது. கால் மணி இப்படி அப்படி என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சீகோ பெல்-மேட்டிக் நேர் எதிர்ப்பக்கம் போகிறது. 1960-களின் பிற்பாதியில் வந்த இதில் அலாரம் குறி டயலின் வெளியோரத்தில் சுழலும் வளையத்தில் இருக்கிறது. பொத்தானை வெளியே இழுத்தால் அலாரம் தயார், உள்ளே அழுத்தினால் மௌனம். நான் சொன்ன அந்த அரை மி.மீ.யை முழுசாக வென்றது இதுதான். குறி மையத்திலிருந்து தள்ளி இருப்பதால் பத்து நிமிட வித்தியாசம் வெறுங்கண்ணுக்குத் தெரிகிறது. தேதி, கிழமை இரண்டும் இருந்தும் டயலின் நடுப்பகுதி காலியாக, அமைதியாக இருக்கிறது. ஆனால் தப்பாகத் தெரிந்த கடிகாரமும் இதுவே. விளிம்பில் இருக்கும் எதையும் கண் நிமிடமாகத்தான் படிக்கும். 5.30-க்கு வைத்த குறி ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே, அதாவது நிமிடக் கணக்கில் 27-க்கும் 28-க்கும் இடையே நிற்கிறது. தூக்கக் கலக்கத்தில் அதை 27 நிமிடம் என்றே படித்தேன். நான்காம் நாளுக்குப் பிறகு பழகிவிட்டது. பழகியபின் அன்றாடத்துக்கு இதைவிடத் தோதானது நான்கில் இல்லை.

போல்யோத் சிக்னலின் 2612 எந்திரம் சுவிஸ் ஏ.எஸ். 1475-ஐப் பார்த்து மாஸ்கோவில் செய்தது. டியூடர் அட்வைசர் உட்பட ஏராளமான பெயர்களில் விற்ற கடிகாரங்களுக்குள் ஓடியது அந்த 1475-தான். இதிலும் நான்கு முட்கள், இரண்டு சாவிகள். அலாரம் முள்ளுக்கு நல்ல நிறம் கொடுத்திருப்பதால் கிரிக்கெட்டைவிடச் சீக்கிரம் கண்ணில் படுகிறது. இருட்டில் சட்டென்று தெரிந்த இன்னொன்று இதுதான். டயலின் வேலைப்பாடு சுமார். விலையை நினைத்தால் குறை சொல்ல மனம் வரவில்லை.

இந்தப் போல்யோத்தை எண்ணெய் போட ஒரு கடையில் கொடுத்து வாங்கினேன். வந்ததிலிருந்து 5.30-க்கு வைத்தால் 5.50-க்கு அடித்தது. எந்திரத்தில் கோளாறில்லை. கழற்றிய முட்களைத் திரும்பக் குத்தும்போது, அலாரம் விடுபடும் நொடியில் நிறுத்தி, மணி முள்ளும் அலாரம் முள்ளும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும்படி குத்த வேண்டும். அதை அவர் செய்யவில்லை. பல வருட அனுபவமுள்ள வேறொரு பெரியவரிடம் எடுத்துப்போனேன். டயலைப் பார்த்ததுமே, "முள்ளு மாறி உக்காந்திருக்கு தம்பி" என்றார். கால் மணி நேர வேலை.

இன்னும் இரண்டைச் சொல்லாமல் விட முடியாது. 1965-இன் மெமோவாக்ஸ் போலாரிஸ் முக்குளிப்பவர்களுக்கானது. நடுவில் அலாரம் தட்டு, ஓரத்தில் முக்குளிப்பு நேரத்துக்கான சுழலும் வளையம், அதற்கென மூன்றாவது சாவி; மொத்தம் செய்ததே 1,714. 1969-இன் ஒமேகா மெமோமேட்டிக்கில் நடுவில் ஒரு தட்டுக்குப் பதில் இரண்டு, மணிக்கு ஒன்று, நிமிடத்துக்கு ஒன்று. அலாரத்தை நிமிடக் கணக்கில் வைக்கலாம். ஒரு சேகரிப்பாளர் வீட்டில் அரை மணி நேரம் கையில் வைத்திருந்தேன். யோசனை அபாரம், ஆனால் டயலைப் படிக்க ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்க வேண்டியிருந்தது.

இருட்டில் ஒளிரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். 1950-களின் டயல்களில் பூசியது ரேடியம். அதன் கதிர்வீச்சு இன்றும் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் அது பட்டு ஒளிரும் வேதிப்பொருள் எப்போதோ செத்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி அந்தப் பூச்சைச் சுரண்டவே கூடாது. தூள் மூச்சில் போனால் ஆபத்து. பிற்காலத்து டிரிடியத்துக்கு அரை ஆயுள் 12 ஆண்டுகள்தான், அதுவும் அணைந்துவிட்டது.

வாங்கப் போகிறவர்கள் மெமோவாக்ஸில் தட்டையும் வெளிவட்டத்தையும் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். இரண்டும் தனித்தனி உறுப்புகள். ஒன்று பழுத்து மற்றது பளபளவென்று இருந்தால் யாரோ டயலுக்கு மறுபூச்சு கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு சோதனையைக் கடையிலேயே செய்யலாம். அலாரத்துக்குச் சாவி கொடுத்து, காட்டியை ஆறு மணிக்கு நேராக வைத்து, முட்களை முன்னோக்கி மட்டும் மெல்லத் திருப்புங்கள். சத்தம் வந்ததும் கையை நிறுத்தி நிமிட முள்ளைப் பாருங்கள். பன்னிரண்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஐந்து நிமிடத்துக்குள் இருந்தால் நல்ல கைபட்ட கடிகாரம். நேற்று இரவு என் போல்யோத்தில் செய்து பார்த்தேன். இரண்டு நிமிடம் முன்னால் அடித்தது.